முன்னால் இருப்பவர் நகர்ந்தால்தானே! பொது கோல்ஃப் மைதானங்களில் தாமதம்: ஒரு பாடம்

கோல்ஃப் என்றதும் "அது பணக்காரங்க விளையாட்டு, நமக்கு எதுக்கு?" என்று திரையை மேலே தள்ளிவிடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கட்டுரை விளையாட்டைப் பற்றியது மட்டுமல்ல. அரசு நடத்தும் ஓர் இடத்தை ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துகொள்ளும்போது வரிசை ஏன் தேங்குகிறது, அதை யார் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

உலகின் எல்லா கோல்ஃப் மைதானங்களும் தனியார் கிளப்புகள் அல்ல. நியூயார்க் நகரின் வான் கோர்ட்லண்ட் பூங்காவில் 1895-லேயே பொதுமக்களுக்கான மைதானம் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் முதல் பொது கோல்ஃப் மைதானம் அதுதான். சுரங்க ரயிலில் ஏறிப் போய் இறங்கி விளையாடலாம். அதே மாநிலத்தின் பெத்பேஜ் மாநிலப் பூங்காவில் உள்ள பிளாக் மைதானத்தில் 2002, 2009 ஆண்டுகளில் யு.எஸ். ஓப்பன் போட்டிகள் நடந்தன. அங்கே விளையாட நேரம் கிடைப்பதற்காக, வாகன நிறுத்துமிடத்தில் காரிலேயே படுத்துத் தூங்கி விடியலுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. சான் டியாகோ நகராட்சியின் டோரி பைன்ஸ் மைதானத்தில் உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணம் குறைவு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம்கூட பொது நிலம்தான். 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. விளையாட விரும்புவோருக்குக் குலுக்கல் முறையில் நேரம் ஒதுக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர் மக்கள் அங்கே நடைபயிற்சி போகலாம். நம் நாட்டிலும் தில்லி லாடோ சராயில், தில்லி வளர்ச்சி ஆணையம் நடத்தும் குதுப் கோல்ஃப் மைதானம் பொதுமக்களுக்கானது.

இப்படிப்பட்ட மைதானங்களில் அதிகம் கேட்கும் புகார் ஒன்று உண்டு: "ஆட்டம் நகரவே மாட்டேங்குது!"

முதலில் அடிப்படை

ஒரு முழு ஆட்டத்துக்கு 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் 'டீ' எனப்படும் தொடக்க இடம் உண்டு. நடுவில் 'ஃபேர்வே' எனப்படும் புல்வெளி, முடிவில் மிக நெருக்கமாக வெட்டப்பட்ட 'கிரீன்', அதில் கொடிக்கம்பு நட்ட குழி. தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்குக்குப் 'பார்' என்று பெயர். பார் 3 என்றால் குட்டைக் குழி, பார் 5 என்றால் நீளமான குழி.

ஒரு குழுவில் அதிகபட்சம் நான்கு பேர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தொடக்க நேரம் கொடுப்பார்கள். 7 மணிக்கு ஒரு குழு, 7.08-க்கு அடுத்தது, 7.16-க்கு அதற்கடுத்தது என்று போகும். ஒற்றைத் தடச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வண்டிகள் மாதிரிதான். முன்னால் போவதை மீறி யாரும் போக முடியாது.

நான்கு பேர் 18 குழிகளை முடிக்க நான்கு மணி நேரம் அல்லது சற்றே கூடுதலாக ஆனால் அது நல்ல வேகம். அது ஐந்தரை, ஆறு மணி நேரம் என்று இழுக்கும்போதுதான் சிக்கல்.

இழப்பு யாருக்கு?

காலை ஏழு மணிக்கு ஆடத் தொடங்கியவருக்கு முன்னால் யாருமே இல்லை. அவர் மெதுவாக ஆடினாலும் அவருக்கு ஒரு சிரமமும் கிடையாது. பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் விட்டுச்சென்ற தாமதம் மட்டும் மைதானத்திலேயே தங்கி, அடுத்தடுத்த குழுக்களின் தலையில் ஏறிக்கொண்டே போகும்.

பல பொது மைதானங்களில் பிற்பகலில் கட்டணம் குறைவு. வேலை முடிந்து வருபவர்கள், மாணவர்கள், முழுக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள். காலையில் உண்டான தாமதம் மொத்தமும் சேர்வது இவர்களிடம்தான். பதினான்காவது குழிக்கு வரும்போது இருட்டிவிடும். 18 குழிகளுக்குக் கட்டணம் கட்டியவர் 13 குழிகளோடு வீடு திரும்புவார். பொதுச் சொத்தில் குறைந்த கட்டணக்காரருக்குக் குறைந்த பங்கு என்றாகிவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனால் நடப்பது இதுதான்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

"மெதுவா ஆடுறவங்களாலதான்" என்று சொல்லிவிடுவது சுலபம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி நிர்வாகத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், வாங்க.

பார் 4 குழியில் ஒரே சமயத்தில் இரண்டு குழுக்கள் இருக்கலாம். ஒரு குழு கிரீனில் இருக்கும்போது அடுத்த குழு டீயிலிருந்து அடித்துவிடலாம். பார் 3-இல் அது முடியாது. டீயிலிருந்து அடிக்கும் பந்து நேரே கிரீனுக்குப் போகும் என்பதால், முன்னால் உள்ள குழு கிரீனைவிட்டு வெளியேறும் வரை அடுத்த குழு நின்றாக வேண்டும். மைதானத்தின் குறுகிய வாசல் இதுதான்.

இப்போது 8 நிமிடத்துக்கு ஒரு குழுவை அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார் 3 குழியை ஒரு குழு முடிக்க 10 நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் 2 நிமிடம் இடிக்கும்.

• இரண்டாவது குழு காத்திருப்பது 2 நிமிடம். பெரிதாகத் தெரியாது.
• 31-ஆவது குழு தொடங்கும் நேரம் காலை 11 மணி. அதற்குள் சேர்ந்த தாமதம் 60 நிமிடம்.
• 46-ஆவது குழு தொடங்கும் நேரம் பிற்பகல் 1 மணி. சேர்ந்த தாமதம் 90 நிமிடம்.

நாலேகால் மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் என்றால், 46-ஆவது குழு 5.15-க்கு முடித்திருக்க வேண்டும். இந்தத் தாமதத்தோடு 6.45 ஆகிவிடும். அக்டோபர் மாத நியூயார்க்கில் அதற்குள் சூரியன் மறைந்துவிடும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் சோம்பேறி என்று யாருமே இல்லை. எல்லோரும் ஒரே வேகத்தில்தான் ஆடினார்கள். ஆனாலும் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

"அதிகக் குழுக்களை அனுப்பினால் அதிகப் பேர் பயன்பெறுவார்களே?" என்ற கேள்வி வரும். பத்து மணி நேரத்தில் 8 நிமிட இடைவெளியில் 75 குழுக்கள், அதாவது 300 பேர். 10 நிமிட இடைவெளியில் 60 குழுக்கள், 240 பேர். தாளில் பார்த்தால் முதலாவது நல்ல சேவை மாதிரித் தெரியும். ஆனால் வாசல் 10 நிமிடத்துக்கு ஒரு குழுவைத்தான் விடும். எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக அனுப்பினாலும் வெளியே வருவது அதே வேகத்தில்தான். கூடுதலாக விற்ற அந்த 15 குழுக்களின் நேரம், உண்மையில் காத்திருப்பாக மற்றவர்கள் தலையில் விழுகிறது.

நிர்வாகம் செய்ய வேண்டியவை

1. இடைவெளியை வாசலுக்கு ஏற்ப வைப்பது. மிக மெதுவாக நகரும் குழி எது என்று கடிகாரம் வைத்து அளந்து, தொடக்க இடைவெளி அதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. காலி நேரம் விடுவது. ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒருமுறை, ஒரு தொடக்க நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிடலாம். அதுவரை சேர்ந்த தாமதத்தை அந்த இடைவெளி விழுங்கிவிடும்.

3. பார் 3-இல் 'கூப்பிட்டு விடும்' முறை. கிரீனுக்கு வந்த குழு தன் பந்துகள் கிடக்கும் இடத்தில் அடையாளம் வைத்து, பந்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். பின்னால் நிற்பவர்களைக் கையசைத்து அடிக்கச் சொல்லும். அவர்கள் அடித்துவிட்டு நடந்து வருவதற்குள் இவர்கள் குழியில் தட்டி முடித்துவிடுவார்கள். காத்திருக்கும் நேரமும் நடக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

4. மைதானத்தைக் கடினமாக்காமல் இருப்பது. ஓரப் புல்லை உயரமாக வளரவிட்டால் பந்து தொலையும், தேடுவதில் நேரம் போகும். குழியைச் சரிவான இடத்தில் வெட்டினால் ஒவ்வொருவரும் நான்கு முறை தட்ட வேண்டியிருக்கும். வாரக் கடைசிக் கூட்டத்துக்குச் சுலபமான அமைப்பே சரி.

5. 9 குழி ஆட்டத்துக்கும் இடம் கொடுப்பது. இரண்டு மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு அது போதும்.

6. மார்ஷல் எனப்படும் கண்காணிப்பாளர்கள். இவர்கள் வேலை திட்டுவது அல்ல. எந்தக் குழுவுக்கு முன்னால் வெற்றிடம் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அந்தக் குழுவோடு தன்மையாகப் பேசி, தேடலுக்கு உதவி, மறுபடி வரிசையில் சேர்த்துவிடுவது.

விதிகள் என்ன சொல்கின்றன?

கோல்ஃப் விதிகளை வகுப்பவை இரண்டு அமைப்புகள்: செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ, அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ. இவை 2019-இல் செய்த பெரிய திருத்தத்தில் வேகத்துக்கு முக்கியத்துவம் கொடுத்தன.

• தொலைந்த பந்தைத் தேடும் நேரம் 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைந்தது.
• அடிக்கத் தோதான நிலை வந்த பிறகு 40 வினாடிக்குள் அடிக்க வேண்டும், பொதுவாக அதைவிட விரைவாகவே அடிக்கலாம் என்பது பரிந்துரை.
• மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில், குழிக்கு அதிகத் தொலைவில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்று காத்திராமல், பாதுகாப்பாக இருந்தால் தயாராக இருப்பவர் அடிக்கலாம்.
• கிரீனில் தட்டும்போது கொடிக்கம்பைக் குழியிலேயே விட்டுவைக்கலாம். கம்பில் பந்து பட்டால் தண்டனை இல்லை.
• ஒரு குழிக்கு இத்தனை அடிதான் உச்சம் என்று வைத்து ஆடும் முறையும் அங்கீகரிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையை எட்டியதும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போகலாம்.

போட்டிகளில் காரணமின்றி ஆட்டத்தைத் தாமதப்படுத்தினால் முதல் முறை ஓர் அடி தண்டனை, இரண்டாம் முறை இரண்டு அடி, மூன்றாம் முறை தகுதி நீக்கம். 2013 மாஸ்டர்ஸ் போட்டியில், சீனாவின் 14 வயதுச் சிறுவன் குவான் தியான்லாங்குக்கே மெதுவாக ஆடியதற்காக ஓர் அடி தண்டனை விழுந்தது. அதையும் மீறி அவர் கடைசி இரண்டு நாள் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றார். பொது மைதானத்தில் வார இறுதி ஆட்டத்துக்கு நடுவர் யாரும் வரமாட்டார். அங்கே விதியைவிடப் பழக்கம்தான் வேலை செய்யும்.

ஆட்டக்காரர் செய்ய வேண்டியவை

இன்னொரு கணக்கு. நான்கு பேர், ஆளுக்கு 90 அடி என்றால் மொத்தம் 360 அடிகள். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் தயாராகத் தொடங்கி, ஒவ்வோர் அடிக்கும் 40 வினாடி எடுத்தால், அடிக்கவே சரியாக 4 மணி நேரம் ஆகும். நடப்பது தனி! ஒவ்வோர் அடியிலும் 5 வினாடி மிச்சம் பிடித்தால் மொத்தத்தில் 30 நிமிடம் மிச்சம். எனவே யாரும் ஓட வேண்டாம், தயாராக இருந்தால் போதும்.

• அடுத்தவர் அடிக்கும்போதே உங்கள் தூரத்தைக் கணித்து மட்டையைத் தேர்ந்தெடுங்கள். கையுறையை முன்பே மாட்டிக்கொள்ளுங்கள்.
• எந்த மட்டை வேண்டும் என்று சந்தேகமா? இரண்டு, மூன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். வண்டிக்குத் திரும்பி நடப்பதில்தான் நேரம் போகும்.
• பந்து தொலைந்திருக்கும் என்று தோன்றினால், முன்னே போவதற்கு முன்பே சொல்லிவிட்டுத் தற்காலிகப் பந்து ஒன்றை அடித்துவிடுங்கள். பிறகு திரும்பி நடந்துவர வேண்டியதில்லை.
• பையையோ வண்டியையோ கிரீனுக்கு முன்னால் விடாமல், அடுத்த டீக்குப் போகும் பக்கத்தில் நிறுத்துங்கள்.
• எண்ணிக்கையைக் கிரீனில் நின்று எழுதாதீர்கள். அடுத்த டீயில் எழுதிக்கொள்ளலாம்.
• உங்கள் திறனுக்கு ஏற்ற டீயிலிருந்து ஆடுங்கள். பின் டீயில் நின்று வீரம் காட்டினால் ஒவ்வொரு குழியிலும் இரண்டு அடி கூடும். அமெரிக்காவில் 2011-இல் இதற்காகவே 'முன்னால் வந்து ஆடுங்கள்' என்ற பொருளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள்.
• ஒரு முறை வீசிப் பழகினால் போதும். நாலு முறை வேண்டாமே.
• போனில் பேச வேண்டியிருந்தால் சுருக்கமாக முடியுங்கள். படம் எடுப்பது நடக்கும் நேரத்தில் இருக்கட்டும்.

முன்னால் பாருங்கள், பின்னால் அல்ல

"எங்க பின்னால யாருமே இல்லையே, நாங்க மெதுவாவா ஆடுறோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி அதுவல்ல. உங்களுக்கு முன்னால் இருக்கும் குழு எங்கே? நீங்கள் டீக்கு வரும்போது அவர்கள் ஃபேர்வேயில் இருந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். ஒரு முழுக் குழி காலியாகக் கிடந்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள். அப்போது பின்னால் வருபவர்களை முன்னே விட்டுவிடுவது மரியாதை, வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

ஆனால் முன்னால் வரிசையே நின்றுகொண்டிருக்கும்போது, பின்னால் வருபவரை விட்டும் பயனில்லை. அவரும் உங்களோடு சேர்ந்து நிற்கப் போகிறார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். தாமதம் என்றாலே முதியவர்கள், பெண்கள், புதிதாகக் கற்பவர்கள் மீது பழி விழுகிறது. பெரியவர் ஒருவர் குறைந்த தூரமே அடித்தாலும், பெரும்பாலும் நேராக அடித்துவிட்டு நடப்பார். பந்தைப் புதரில் விட்டுத் தேடுவதோ, ஒவ்வோர் அடிக்கும் தொலைக்காட்சி வீரரைப் போலக் குனிந்து நிமிர்ந்து கோணம் பார்ப்பதோ அவரிடம் இல்லை. பொது மைதானம் என்பது கற்றுக்கொள்பவருக்கும் சேர்த்துத்தான் கட்டப்பட்டது. ஆளைப் பார்த்து முடிவு செய்யாமல், இடைவெளியைப் பார்த்து முடிவு செய்வதே நியாயம்.

நேரம் பதிவதிலும் ஒழுங்கு

வரிசை மைதானத்தில் தொடங்குவதில்லை, உங்கள் போனிலேயே தொடங்கிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி மைதானங்களின் இணையவழித் தொடக்க நேரங்களை இடைத்தரகர்கள் மொத்தமாகப் பிடித்து, கூடுதல் விலைக்கு விற்பதாக 2024-இல் பெரிய புகார் எழுந்தது. பதிவு செய்யும்போதே ஆளுக்கு 10 டாலர், திரும்பக் கிடைக்காத முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று நகராட்சி கொண்டுவந்தது. வேண்டாத நேரத்தைப் பிடித்துவைப்பவருக்கு இனி செலவு உண்டு.

தரகர் மட்டுமல்ல, சாதாரணக் குடிமக்களும் இதில் கவனமாக இருக்கலாம். வர முடியாது என்று தெரிந்தால் உடனே ரத்து செய்யுங்கள். இன்னொருவருக்கு அந்த இடம் கிடைக்கும். கொடுத்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே தயாராக நில்லுங்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவோ பிரிட்டனோ போகும்போது, பக்கத்துப் பொது மைதானத்தில் ஒருமுறை ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே பாடம்தான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கேள்வி 1: ஒரு மைதானத்தில் 9 நிமிடத்துக்கு ஒரு குழு புறப்படுகிறது. மிக மெதுவான குழியை ஒரு குழு கடக்க 10 நிமிடம் ஆகிறது. 41-ஆவது குழுவின் தாமதம் எவ்வளவு?
விடை: அதற்கு முன் 40 குழுக்கள், குழுவுக்கு 1 நிமிடம். ஆக 40 நிமிடம்.

கேள்வி 2: இதைச் சரிசெய்ய எல்லோரையும் வேகமாக நடக்கச் சொன்னால் போதுமா?
விடை: போதாது. அந்த ஒரு குழியில் நேரம் குறைய வேண்டும், அல்லது இடைவெளியை 10 நிமிடமாக்க வேண்டும். மற்ற 17 குழிகளில் ஓடினால், அந்தக் குழியில் கூடுதல் நேரம் நிற்கத்தான் போகிறோம்.

கேள்வி 3: உங்கள் குழுவுக்கு முன்னால் ஒரு குழி காலி, பின்னால் ஒரு குழு காத்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?
விடை: கையசைத்து முன்னே விடுங்கள். அவர்கள் கடந்ததும் நீங்கள் நிம்மதியாக ஆடலாம்.

இடைவெளியைச் சரியாக வைப்பது நிர்வாகத்தின் கடமை. முறை வரும்போது தயாராக நிற்பது நம்முடையது. இந்த இரண்டும் சேர்ந்தால், மாலையில் குறைந்த கட்டணச் சீட்டோடு கடைசியாக வருபவரும் வெளிச்சம் இருக்கும்போதே பதினெட்டாவது குழியைப் பார்த்துவிடுவார்.